மன்னார்க் கடலடி எரிவாயுவா, மன்னார்க் காற்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் செய்தியில் அடிபடும்போதெல்லாம் எனக்குக் கேள்விகள் இரண்டு பக்கமிருந்து வரும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள், "கடலுக்கடியில் எரிவாயு கிடக்க நாம் ஏன் டொலருக்கு அலைகிறோம்?" என்பார்கள். மன்னார்த் தீவுக்குள் இருப்பவர்கள் கேட்பது வேறு: "இன்னும் எத்தனை காற்றாலையை எங்கள் தலையில் கட்டப்போகிறார்கள்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். திரும்பத் திரும்பத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

மன்னாரில் உண்மையிலேயே எண்ணெய் இருக்கிறதா?

எரிவாயு இருக்கிறது. எண்ணெய் என்று சொல்லும்படியாக இதுவரை எதுவும் அகப்படவில்லை.

தேடல் புதிதல்ல. 1970களில் சோவியத் நிபுணர்கள் வந்து மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறு தோண்டிப் பார்த்தார்கள். இன்றைக்கும் பேசாலையில் வயதானவர்களிடம் கேட்டால் "ரஷ்யாக்காரன் எண்ணெய் தோண்டின இடம்" என்று கதை வரும். வணிகத்துக்கு உதவும் அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1981இல் மன்னார் வளைகுடாவுக்குள் ஒரு கிணறு, அதுவும் வெறுங்கை. அப்புறம் போர் வந்தது. தேடல் நின்றது.

2008இல் கெயின் என்ற எண்ணெய் நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்தது. 2011இல் அவர்கள் தோண்டிய முதல் கிணற்றுக்கு டொராடோ என்று பெயர். கடலின் ஆழமே அங்கே 1,300 மீற்றருக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கும் கீழே, ஏறத்தாழ 25 மீற்றர் தடிப்பில் எரிவாயு கொண்ட மணற்கல் படை இருந்தது. அடுத்த கிணறான பராகுடாவிலும் எரிவாயு. அங்கே கடல் 1,500 மீற்றர் ஆழம். இந்த நாட்டின் வரலாற்றில் எரிவாயு கண்டெடுத்தது அந்தச் சுற்றில்தான் முதல் தடவை. ஆனால் அதே சுற்றில் தோண்டிய மூன்றாவது கிணறும், 2013இல் தோண்டிய நான்காவதும் வறண்டவை. நான்கில் இரண்டு பலித்தது எண்ணெய்த் தொழிலில் நல்ல விகிதம் என்பார்கள். அந்த நான்குக்கும் செலவழித்த காசு திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. "மன்னார்ப் படுகை" என்ற பெயரை வைத்து, தீவின் கரையில் நின்றால் தெரிகிற கடல் என்று நினைக்காதீர்கள். வடமேற்குக் கரைக்கு அப்பால் தெற்கு நோக்கி நீண்டுகிடக்கும் ஆழ்கடல் அது. எரிவாயு ஒருநாள் கரைக்கு வந்தாலும், மின்நிலையங்கள் இருக்கிற நுரைச்சோலைப் பக்கமோ கெரவலப்பிட்டியப் பக்கமோ குழாய் போகத்தான் வாய்ப்பு அதிகம். மன்னாருக்குப் பெயர் மட்டும் மிஞ்சும்.

2011இல் கண்டுபிடித்ததை ஏன் இன்னும் எடுக்கவில்லை?

சதி என்று நினைப்பவர்கள் ஏராளம். வல்லரசு தடுக்கிறது, அயல்நாடு தடுக்கிறது, கொழும்பு தடுக்கிறது என்று ஆளுக்கொரு கதை. எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவு சுவையாக இல்லை: கணக்கு ஒத்துவரவில்லை.

எரிவாயு எண்ணெய் மாதிரி இல்லை. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி யாருக்கும் விற்கலாம். எரிவாயுவுக்கு ஒன்றில் குழாய் வேண்டும், அல்லது அதை மைனஸ் 160 பாகைக்குக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஆலை வேண்டும். அந்த ஆலையைக் கட்ட பில்லியன் கணக்கில் டொலர் போகும். சின்ன வயலை நம்பி அதைக் கட்டமாட்டார்கள். ஆகவே இந்த எரிவாயுவை இலங்கைக்குள்ளேயே யாராவது வாங்க வேண்டும். யார் வாங்குவது? இங்கே வீட்டு அடுப்புக்குக் குழாய்வழி எரிவாயு இல்லை, பெரிய உரத் தொழிற்சாலை இல்லை. மிஞ்சுவது மின்நிலையங்கள். கெரவலப்பிட்டியவில் உள்ள யுகதனவி மின்நிலையம் எரிவாயுவுக்கு மாற்றலாம் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டு 2010இலிருந்து உலை எண்ணெயில் ஓடுகிறது. பக்கத்தில் வந்த சொபாதனவியும் எரிவாயுவுக்கென்றே வடிவமைத்தது. எரிவாயு வராததால் டீசலைக் குடிக்கிறது. தோண்டுபவர் "வாங்குவதற்கு உறுதி கொடு, தோண்டுகிறேன்" என்கிறார். மின்சார சபை "முதலில் எடுத்துக் காட்டு, பிறகு பார்க்கலாம்" என்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக இந்த இழுபறிதான்.

நடுவில் 2014இன் கடைசியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. 100 டொலருக்கு மேல் நின்ற பீப்பாய் சில மாதங்களில் 50க்கும் கீழே. 2015இல் கெயின் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆழ்கடலில் 1,300 மீற்றருக்குக் கீழே வேலை செய்யக் கூடிய நிறுவனங்கள் உலகில் அதிகமில்லை. அவர்களுக்கு இதைவிடப் பெரிய வயல்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. 2021இல் பெற்றோலிய வளங்கள் பற்றிய புதிய சட்டம் வந்தது, அதிகார சபை அமைந்தது. புதிய கிணறு இன்னும் வரவில்லை.

கடன் எல்லாவற்றையும் அடைக்கலாம் என்று அமைச்சர்கள் சொன்னார்களே?

சொன்னார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அந்தத் தொகை கூடியும் வந்தது. அடைக்கப்படாத கடனுக்கு, எடுக்கப்படாத வாயுவை ஈடு காட்டுவது ஊரில் "முட்டைக்குள் இருக்கிற குஞ்சை விற்பது" மாதிரி.

ஆனால் இதைக் கேலி செய்து ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு டிரில்லியன் கன அடி எரிவாயுவை நல்ல நவீன மின்நிலையத்தில் எரித்தால் ஏறத்தாழ 15,000 கோடி அலகு மின்சாரம் வரும். இலங்கை முழுவதும் ஒரு வருடத்துக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 1,600 கோடி அலகு. ஆக, ஒரு டிரில்லியன் கன அடி நிஜமாகவே கைக்கு வந்தால், நாட்டின் முழு மின்சாரத்துக்கும் ஒன்பது வருடம் தாங்கும். இது சின்ன விஷயமல்ல. இரண்டு கிணறுகளை வைத்துப் போடும் மதிப்பீடு நிலத்துக்குக் கீழே இருப்பதைச் சொல்லும். அதில் எவ்வளவு மேலே வரும், எந்தச் செலவில் வரும் என்பது இன்னும் பல கிணறுகள் தோண்டினால்தான் தெரியும். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டாலும் முதல் வாயு கரைக்கு வர ஐந்து, ஏழு வருடமாவது ஆகும்.

சரி, காற்று எப்படி? அவ்வளவு நல்ல காற்றா?

மன்னார்க் கடற்றொழிலாளரைக் கேளுங்கள். காற்றுக்கு அவர்களிடம் இருக்கிற பெயர்களே சொல்லும்: சோளகம், வாடை, கொண்டல், கச்சான். சோளகம் தொடங்கினால் தெற்குக் கரையில் வள்ளம் இறக்கவே யோசிப்பார்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை அந்தக் காற்று தீவின் குறுக்கே நிற்காமல் வீசும். பனை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான்.

தெற்குக் கரையோரம் நிற்கும் தம்பபவனி மின்சார சபையின் சொந்தக் காற்றாலைப் பண்ணை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டி, 2020 டிசம்பரில் திறந்தார்கள். 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. வருடச் சராசரியாகத் திறனில் 40 வீதம் கிடைத்தால் 36 கோடி அலகு வரும். நாட்டின் தேவையில் ஏறத்தாழ 2 வீதம். முப்பது கம்பம் நட்டு 2 வீதம்தானா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மறுபக்கம், டொராடோ இத்தனை வருடத்தில் கொடுத்தது பூச்சியம் அலகு.

காற்று ஓய்ந்தால் என்ன செய்வது?

காற்றுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் (நானும் அதில் ஒருவன்) வேகமாகக் கடந்துபோகிற கேள்வி இதுதான்.

இலங்கையின் பருவங்களை எடுத்துப் பாருங்கள். சோளகக் காலத்தில் காற்றும் உண்டு, மலைநாட்டில் மழையும் உண்டு, நீர்த்தேக்கங்கள் நிரம்பும். மாரியில் வடகீழ்ப் பருவ மழை. இடையில் பெப்ரவரி முடிந்து மார்ச், ஏப்ரல். மழை இல்லை, காற்றும் செத்துக்கிடக்கும், வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கும். பகலுக்குச் சூரிய மின்சாரம் போதும், மிஞ்சவும் செய்யும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபையே வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டது. பிரச்சினை அந்த மாதங்களின் இரவு ஏழு மணிக்கு.

இன்னொரு சிக்கல் நொடிக் கணக்கில் வருவது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுக்க மின்சாரம் போனது. எல்லோரும் குரங்கைப் பற்றிச் சிரித்தார்கள். அன்றைய நிலைமை சிரிப்புக்கு உரியதல்ல. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் கட்டமைப்பில் சூரிய மின்சாரம் அதிகம், பாரமான சுழலிகள் சிலதான் ஓடிக்கொண்டிருந்தன. சுழலும் அந்த இரும்புப் பாரம்தான் ஓர் அதிர்ச்சி வரும்போது முழுக் கட்டமைப்பையும் சில நொடி தாங்கிப் பிடிப்பது. அது போதாமல் போக, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் நின்றுபோய், அடுத்த சில நாட்கள் நேரம் குறித்து மின்வெட்டு.

இங்கேதான் எரிவாயுவுக்கு உண்மையான வேலை இருக்கிறது. நிலக்கரி உலையைச் சூடாக்கி ஓட்ட மணிக்கணக்கில் ஆகும். எரிவாயுச் சுழலி நிமிடக் கணக்கில் கிளம்பும். மின்கலத் தொகுதிகளின் விலையும் விழுந்துகொண்டே வருகிறது, மாலை நேரத்துக்கு அவையே போதுமாகலாம். பல நாள் தொடர்ந்து காற்று இல்லையென்றால் மின்கலம் தாங்காது.

அதானி திட்டம் என்ன ஆனது?

மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட் என்று 2022இல் பேச்சு தொடங்கியது. விலைமனு கோராமல் கொடுத்தார்கள். அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. ஆட்சி மாறியதும் விலையை மறுபடி பேச வேண்டும் என்றார்கள். 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. போட்டி விலைமனுவில் உள்ளூர் நிறுவனம் ஒன்று மன்னாரிலேயே 50 மெகாவாட்டுக்குக் கேட்டது 4.65 சதம். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மன்னார் மக்கள் ஏன் காற்றாலையை எதிர்க்கிறார்கள்? பின்னால் எண்ணெய் நிறுவனங்களா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர் ஒரு மாரி காலத்தில் தீவுக்குள் வந்து இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

மன்னார் தட்டையான, தாழ்ந்த மணல் தீவு. மழைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கடலுக்கு வடிய வேண்டும். காற்றாலைக்குப் போகிற பாதைகளை உயர்த்திப் போட்டபின் தண்ணீர் ஊருக்குள் தேங்குகிறது என்பது மக்களின் முதல் முறைப்பாடு. இரண்டாவது, கரைவலைக்காரரும் சிறு வள்ளக்காரரும் சொல்வது: காற்றாலை வந்தபின் கரையோரம் மீன் குறைந்துவிட்டது. இதற்குக் காற்றாலைதான் காரணமா, இழுவைப் படகுகளா, கடலே மாறுகிறதா என்று பிரித்துக் காட்டுவது லேசான காரியமல்ல. ஆனால் அளந்து பார்க்க வேண்டிய பொறுப்பு மீன்பிடிப்பவருடையது இல்லையே, திட்டம் போட்டவருடையது.

இதோடு இல்மனைட் என்ற கனிமத்துக்காக மணல் அகழ்வதற்கான முயற்சியும் சேர்ந்துகொண்டது. தீவே மணல்தான். அதையும் அள்ளினால் என்ன மிஞ்சும் என்ற பயத்தில் 2025 ஓகஸ்டில் மக்கள் தெருவில் இறங்கி, காற்றாலைப் பாகங்கள் ஏற்றிவந்த லொறிகளை மறித்தார்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதிய வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். அதன் பிறகு வேலை மறுபடி தொடங்க, செப்டெம்பரில் மறியலும் பொலிஸ் தலையீடும்.

போராட்டக்காரரில் பலர், "காற்றாலை வேண்டாம் என்று சொல்லவில்லை, தீவுக்குள் வேண்டாம் என்கிறோம்" என்கிறார்கள். பெருநிலத்தில் கரையோரமாக இடம் இருக்கிறது. காற்று கொஞ்சம் குறையும், அலகு விலை கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்தைக் கொழும்பில் குளிரூட்டி போடுபவரும் சேர்ந்து தாங்கலாம் என்பதே என் எண்ணம். இப்போது முழுப் பாரத்தையும் தாங்குபவர் தோட்டவெளியிலும் பேசாலையிலும் இருக்கிறார். அதற்காக அவருடைய மின்கட்டணத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

பறவைகள்?

மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பாதையின் தெற்கு எல்லையில் இருக்கிறது மன்னார். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகளும் வாத்துகளும் ஆயிரக்கணக்கில் வருவது வாடைக் காலத்தில். காற்றாலை வேகமாகச் சுற்றுவது சோளகத்தில். இரண்டும் ஒரே மாதத்தில் உச்சம் தொடாதது ஓர் ஆறுதல். ஆனால் காற்றாலையின் சிறகுகளை விட மின்கம்பிகளில் மோதிச் சாகும் பறவைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அப்படிப் பார்த்தால் எரிவாயு பரவாயில்லையே? கண்ணுக்கே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததுதான் அதன் ஆபத்து. தேடும்போது கடலடியை நோக்கி ஒலி அதிர்வு விடுவார்கள். கிணற்றைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை வரும். ஆவுளியா (கடற்பசு) மேயும் கடற்புல் படுக்கைகள் இந்த வளைகுடாவில்தான் இருக்கின்றன. விபத்து நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் போதும். 2021இல் எரிந்தது, பிளாஸ்டிக் மணிகள் கரை முழுக்க ஒதுங்கின. உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளிக்க 2025 ஆகிவிட்டது. நீர்கொழும்பு மீனவர் அதுவரை எதைச் சாப்பிட்டிருப்பார்?

காலநிலைக் கணக்கில் எரிவாயு நிலக்கரியைவிட நல்லது. ஒரு அலகுக்கு வெளிவரும் கரியமில வாயு ஏறத்தாழ பாதி. ஆனால் எரிக்காமல் கசிந்துபோகும் மீதேன், இருபது வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். குழாய் ஒழுகினால் அந்தப் பாதி இலாபமும் போச்சு.

காற்றாலை வந்தால் மண்ணெண்ணெய் விலை குறையுமா?

குறையாது. இதை வெளிப்படையாகச் சொல்ல யாரும் முன்வருவதில்லை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. பெற்றோல் அதற்கு முன்பே 470ஐத் தொட்டிருந்தது. அந்த வருடம் நானும் எரிபொருள் நிலைய வரிசையில் மோட்டார் சைக்கிளோடு ஓர் இரவைக் கழித்தேன். முன்னால் நின்ற ஐயா கையில் வெறும் கான் மட்டும். வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் தேடி வந்தவர், கரையில் வள்ளம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. விடிந்தபோது "மண்ணெண்ணெய் இல்லை" என்று பலகை மாட்டினார்கள்.

காற்றாலை மின்சாரம்தான் தரும், வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு ஊற்ற எதையும் தராது. கடலடி எரிவாயுவும் அப்படியே. மின்சாரத்துக்கு எரிக்கும் டீசலும் உலை எண்ணெயும் குறைந்தால் டொலர் மிச்சமாகும், அந்த டொலரில் மண்ணெண்ணெய் வாங்கலாம். உதவி இந்தச் சுற்றுவழியில் மட்டும்தான். மின் இயந்திரம் பூட்டிய வள்ளம் களப்புக்குள் ஓடலாம். இரவு முழுக்கக் கடலில் நிற்பவருக்கு இன்றைய மின்கலம் பாரம்.

எதனோல், ஹைட்ரஜன்?

இந்தியா பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கிறது. அங்கே கரும்பும் சோளமும் அரிசியும் மலைபோல் இருக்கின்றன. நம்மிடம் பெல்வத்தை, செவனகலை சீனித் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே வடிக்கும் எதனோல் இயந்திரத்துக்குப் போவதில்லை, போகிற இடம் உங்களுக்கே தெரியும். ஹைட்ரஜன் பற்றி நிறைய மாநாடு நடக்கிறது.

மிஞ்சும் மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்கலாமா?

மதுரைக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் கடல்வழி இணைப்புப் பற்றி 2010இலிருந்து பேசுகிறார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி ஓர் உடன்படிக்கை. கம்பி மன்னார் வழியாகத்தான் வரும். வந்தால் மார்ச் மாதத்து இரவு ஏழு மணிக்கு அது எரிவாயுக் கிணற்றைவிட உதவும்.

நீங்கள் எந்தப் பக்கம்?

காற்றின் பக்கம். மன்னார்த் தீவுக்குள் இன்னும் கம்பம் நடுவதற்கு எதிரான பக்கமும்தான். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்.

எரிவாயுவைத் தோண்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் காசைப் போட்டு, தன் தலையில் நட்டத்தை ஏற்றுத் தோண்ட ஒருவர் வந்தால் வரட்டும். வருகிற எரிவாயு நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரியையும் கெரவலப்பிட்டியவின் டீசலையும் விலக்கட்டும். அந்த நிலக்கரியில் ஒரு துண்டுகூட நம் மண்ணில் விளைந்ததில்லை. ஆனால் வரும் வரும் என்று காத்திருந்து மற்ற வேலைகளைத் தள்ளிப்போடுவதற்கு நான் எதிர். 2011இல் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையை நெருங்கிவிட்டார்கள்.

எங்கள் கிராமத்துக்குக் காற்றாலை வரப்போவதாகக் கேள்விப்பட்டோம். என்ன கேட்க வேண்டும்?

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. அறிவித்தல் பத்திரிகையில் மூலையில் வரும், யாராவது ஒருவர் தினமும் பார்க்கட்டும். பாதை போட்டபின் மழைத் தண்ணீர் எந்த வழியால் வடியும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் விடாதீர்கள். வேலை தொடங்குமுன் ஒரு வருடத்து மீன்பிடி அளவைக் கடற்றொழிலாளர் சங்கம் கொப்பியில் எழுதி வைத்திருக்கட்டும், பிறகு வாதாட அதுதான் கையில் இருக்கும். இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துக் கம்பத்தைக் கழற்றுவது யார், அதற்கான காசு இப்போதே எங்கே வைக்கப்படுகிறது என்பதையும் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் எந்தத் திசையிலிருந்து ஏறியது என்று சரியாகச் சொல்பவர்கள் அவர்கள்தான்.